கதிர் பெரிதானால் விளைச்சல் கூடுமா?

போன ஆண்டு தை மாதம். பத்தாம் வகுப்புக்கு மரபியல் பாடத்தைத் திருப்புதல் செய்துகொண்டிருந்தேன். மெண்டலின் பட்டாணிச் செடி, நெட்டை, குட்டை, 3:1, புன்னட் கட்டம் எல்லாவற்றையும் கரும்பலகையில் போட்டாயிற்று. "நல்ல பண்புள்ள பெற்றோரைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பண்பு அடுத்த தலைமுறைக்கும் போகும்" என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்தேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், எங்க அப்பா வருஷா வருஷம் நல்ல கதிராப் பாத்துத்தான் விதைக்கு எடுத்து வைக்காவ. நீங்க சொல்லுத மாதிரி பாத்தா வருஷா வருஷம் வெளச்சல் கூடணும்லா? ஏன் சார் கூட மாட்டேங்கு?"

நான் யோசிக்கவே இல்லை. "விதை எடுக்கிறதுல ஏதாவது தப்பு இருக்கும்டே" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் பள்ளி வள்ளியூர் பக்கத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகினால் பிசானம் நெல், கிணறு கைகொடுத்தால் வாழை என்று வாழ்கிற ஊர்கள் இவை. என் வகுப்பில் பாதிப்பேர் வயலுக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளின் முன்னால், நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு மனிதரின் கைவேலையைத் தப்பு என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு அதுதான் உறுத்தியது. இன்னொன்றும் உறுத்தியது. அவன் கேட்ட கேள்விக்கு உண்மையில் எனக்குப் பதில் தெரியாது.

தேடிப் படித்ததையும், பிறகு வயலில் பார்த்ததையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

மெண்டல் கெட்டிக்காரர். அவர் எடுத்துக்கொண்ட ஏழு பண்புகளும் 'இது அல்லது அது' என்று பிரிந்து நிற்பவை. உருண்டை விதை அல்லது சுருங்கிய விதை; நடுவில் எதுவும் இல்லை. நெல்லிலும் இப்படிப்பட்ட பண்புகள் உண்டு. இலையுறையில் ஊதா நிறம் இருக்கும் அல்லது இருக்காது. அரிசி சிவப்பாக இருக்கும் அல்லது வெள்ளையாக இருக்கும். மெண்டலின் விதிகள் 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. அதன்பின் 20 ஆண்டுகள்கூட ஆகவில்லை, 1917இல் கோயம்புத்தூரில் இருந்து நெல்லின் பண்புகள் எப்படிப் பாரம்பரியமாக வருகின்றன என்று ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. எழுதியவர்கள் பார்னெல், ரங்கசாமி அய்யங்கார், ராமையா. இந்த கே. ராமையாதான் பின்னாளில் கட்டாக் நகரில் தொடங்கப்பட்ட மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் ஆனவர். மெண்டலைச் சொல்லிக்கொடுக்கும்போது பட்டாணியோடு இந்தப் பெயர்களையும் நான் இப்போது சேர்த்துச் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் பட்டாணிச் செடியைப் பார்த்ததே இல்லை.

ஆனால் விளைச்சல் அப்படிப்பட்ட பண்பு இல்லை. 'அதிக விளைச்சல் அல்லது குறைந்த விளைச்சல்' என்று வயலில் இரண்டு வகைச் செடிகள் நிற்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் படிகள்.

உற்றுப் பார்த்தால் விளைச்சல் என்பது ஒரு பண்பே அல்ல, ஒரு பெருக்கற்கணக்கு. ஒரு சதுர மீட்டரில் எத்தனை கதிர்? ஒரு கதிரில் எத்தனை மணி? அதில் பதர் போக எத்தனை பால் பிடித்தது? ஆயிரம் மணி என்ன எடை? 300 கதிர், கதிருக்கு 100 மணி, நூற்றுக்கு 85 நிறைந்த மணி, ஆயிரம் மணிக்கு 24 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 300 × 100 = 30,000 மணி. அதில் நிறைந்தது 25,500. எடை 612 கிராம். ஏக்கருக்குச் சுமார் 2,480 கிலோ. இந்தக் கணக்கை ஏழாம் வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். சதவீதப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த வட்டாரத்தில் கிடைக்காது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் ஆளுக்கு ஒரு கதிரைக் கொடுத்து மணியை உதிர்த்து, நிறைந்ததையும் சாவியையும் தனித்தனியே எண்ணச் சொன்னால் போதும். அரைமணி நேரம் வகுப்பில் சத்தமே இருக்காது.

இந்த நான்கு எண்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. தூர் நிறையக் கட்டினால் ஒவ்வொரு கதிரும் சிறுத்துப் போகும். கதிரில் மணி நெருக்கமாக இருந்தால் கடைசி மணிகளுக்குப் பால் எட்டாமல் பதராகும். செடி தன் இலைகளால் சமைக்கிற உணவு ஓரளவுதான். ஒரு பக்கம் கூட்டினால் இன்னொரு பக்கம் குறைகிறது. விளைச்சலைக் கூட்டுவது நெல் ஆராய்ச்சியாளர்களுக்கே கடினமாக இருப்பதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், இந்த நான்கு எண்களில் ஒவ்வொன்றையும் ஒரு ஜீன் அல்ல, பல ஜீன்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் பெரும்பாலும் சிறிது.

ஆறு நாணயமும் ஒரு சீட்டும்

பல ஜீன்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஸ்வீடன் நாட்டு நில்சன்-ஏலே. கோதுமை மணியின் சிவப்பு நிறத்தை வைத்து 1909 வாக்கில் காட்டினார். பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் ஆசிரியர்களுக்கு இது தெரிந்ததுதான். மூன்று ஜீன்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அல்லீல்கள். இரண்டாம் தலைமுறையில் 64இல் ஒன்று மட்டுமே முழு வெள்ளை. மீதி 63உம் சிவப்புதான், ஆனால் ஒரே சிவப்பு அல்ல. வெளிர் சிவப்பில் இருந்து அடர் சிவப்பு வரை படிப்படியாக.

பத்தாம் வகுப்புக்கு இதைப் புன்னட் கட்டத்தில் போட்டால் கரும்பலகை போதாது. நான் நாணயத்துக்கு மாறினேன். ஆளுக்கு ஆறு நாணயம். மூன்று ஜீன், ஜோடிக்கு இரண்டு என்று ஆறு. சுண்டி, எத்தனை 'தலை' விழுந்தது என்று எண்ண வேண்டும். ஒரு தலைக்கு விளைச்சலில் ஒரு பங்கு கூடும் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 0 முதல் 6 தலை வரை வருவது 1:6:15:20:15:6:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 32 பேர் ஆளுக்கு இரண்டு முறை சுண்டினால் 64. கரும்பலகையில் ஒவ்வொருவரும் தன் எண்ணுக்கு மேல் ஒரு கட்டம் வரைந்துகொண்டே வர, நடுவில் மேடும் இரு பக்கமும் சரிவும் கொண்ட ஒரு குன்று தானாக எழும்பியது. விகிதம் அச்சாக வராது. வராமல் இருப்பதும் நல்லதே, நிகழ்தகவைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்பு. மூன்று ஜீனுக்கே இப்படி என்றால் முப்பது ஜீனுக்குப் படிகளே கண்ணுக்குத் தெரியாது, வழவழப்பான குன்றாகிவிடும். 3:1 எங்கே போயிற்று என்று கேட்டால், எங்கும் போகவில்லை. ஒவ்வொரு ஜீனும் மெண்டல் சொன்னபடிதான் நடக்கிறது, கூட்டத்தில் அது மறைந்துவிடுகிறது. மெண்டலின் விதிக்கும் இந்தத் தொடர்ச்சியான வேறுபாட்டுக்கும் முரண் இல்லை என்பதை ஆர்.ஏ. ஃபிஷர் 1918இல் கணக்காகவே நிறுவினார்.

இதற்கு மேல் ஒரு சீட்டுக் குலுக்கல் சேர்த்தேன். சீட்டில் 'மடைப்பக்கம், கூட்டு 2', 'நடு வயல், 0', 'கடைமடை, கழி 2' என்று எழுதியிருக்கும். நாணயத்தில் மூன்று தலை வாங்கிய பெண்ணுக்கு மடைப்பக்கச் சீட்டு விழுந்து 5 ஆனது. ஐந்து தலை வாங்கிய பையனுக்குக் கடைமடை விழுந்து 3 ஆனது. "இந்த ரெண்டு செடில எதுல விதை எடுப்பீங்க?" என்று கேட்டேன். எல்லோரும் ஐந்தைத்தான் கை காட்டினார்கள். நாணயத்தைக் காட்டியதும் வகுப்பில் ஒரு முணுமுணுப்பு. வயலில் நிற்கிறவர் கண்ணுக்குச் சீட்டும் நாணயமும் தனித்தனியே தெரியாது. கூட்டுத்தொகை மட்டுமே தெரியும். புறத்தோற்றம், ஜீனாக்கம் என்ற இரண்டு சொற்களையும் அத்தனை ஆண்டுகள் வரையறையாகவே எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றுதான் அவை எனக்கே புரிந்தன.

அவரைக்காரரின் பதில்

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். அவன் அப்பா பயிரிடுவது அம்பை 16. பல ஆண்டுகளாகச் சொந்த விதை.

நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். பூ விரிகிற நேரத்திலேயே தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழுந்து காரியம் முடிந்துவிடும். இப்படிப்பட்ட பயிரில், கலப்பு நிலையில் இருக்கிற ஜீன் ஜோடிகள் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும். இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், மூன்றாவதில் 25, பிறகு 12.5 என்று இறங்கி ஏழாவதில் 1.6 சதவீதத்துக்கு வந்துவிடும். அதாவது வெளியிடப்பட்ட ஒரு நெல் ரகத்தின் வயலில் நிற்கிற செடிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. எல்லோர் கையிலும் ஒரே எண்ணிக்கைத் தலை. வேறுபடுவது சீட்டு மட்டுமே.

அப்படியானால் பெரிய கதிரை விதைக்கு எடுத்தால் என்ன ஆகும்? டென்மார்க் நாட்டு ஜோஹான்சன் 1903இல் இதே கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்டது ஒரு வகை அவரை விதை. அதுவும் தன்மகரந்தச் சேர்க்கைதான். தனித்தனி விதையில் இருந்து 19 தூய வழிகளைப் பெருக்கினார். வழிக்கு வழி விதையின் சராசரி எடை மாறுபட்டது. ஆனால் ஒரே வழிக்குள் மிகப் பெரிய விதையை விதைத்தாலும் மிகச் சிறிய விதையை விதைத்தாலும் பிள்ளைகளின் சராசரி ஒன்றாகவே இருந்தது. ஆறு தலைமுறை பொறுக்கியும் பயனில்லை. அந்த வழிக்குள் விதை பெரிதாவதும் சிறிதாவதும் மண்ணும் நீரும் காயில் அது இருந்த இடமும் செய்த வேலை. அது வாரிசுக்குப் போகாது. ஜீன் என்ற சொல்லையே 1909இல் உருவாக்கியவர் இந்த ஜோஹான்சன்தான் என்று படித்தபோது, அந்தச் சொல்லின் பின்னால் ஓர் அவரைப் பாத்தி இருப்பது எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது.

மரபுவழிப் பங்கு என்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு கூட்டத்தில் தெரிகிற வேறுபாட்டில் எவ்வளவு ஜீன்களால், எவ்வளவு சூழலால் என்பது அது. நெல்லில் மணியின் நீள அகலத்துக்கும் ஆயிரம் மணி எடைக்கும் பயிரின் உயரத்துக்கும் இந்தப் பங்கு பொதுவாக அதிகம். தூரின் எண்ணிக்கைக்கும் மொத்த விளைச்சலுக்கும் குறைவு. இதில் நாம் அடிக்கடி தவறுகிற இடம் ஒன்று உண்டு. இந்தப் பங்கு பண்புக்கு நிரந்தரமாக ஒட்டிய எண் அல்ல, எந்தக் கூட்டத்தில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பலவகை நெல் கலந்த வயலில் விளைச்சலுக்குக் கொஞ்சம் மரபுவழிப் பங்கு இருக்கும். தூய ரகம் நிற்கிற வயலில் அதே விளைச்சலுக்கு அது ஏறக்குறைய பூஜ்யம். பையனின் அப்பா வயல் இரண்டாவது வகை. பொறுக்க அங்கே ஜீன் வேறுபாடே மிச்சமில்லை.

ஆசிரியர் அறையில் நாமும் சில சமயம் "இவன் அப்பனும் இப்படித்தான், படிப்பு ரத்தத்திலேயே இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். கடைமடைச் சீட்டைப் பார்த்துவிட்டு நாணயத்தை எண்ணியதாக நினைத்துக்கொள்கிற பேச்சு அது.

சரி, பிறகு விளைச்சல் கூடியது எப்படி? ஜீன்களைப் புதிதாகக் கலைத்துப் போட்டால்தான். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937இல் தொடங்கப்பட்டது. தாமிரபரணிப் பாசனத்தின் கார், பிசானம் பருவங்களுக்கு ஏற்ற ரகங்களைத் தருவது அதன் வேலை. அங்கே ஆடுதுறை 31, கோ 39 என்ற இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து, அதன் சந்ததியில் இருந்து தேர்ந்தெடுத்து 1986இல் வெளியிட்டதுதான் அம்பை 16. குட்டையான பயிர், சுமார் 110 முதல் 115 நாள், இட்லிக்குக் கேட்டு வாங்குகிற குண்டரிசி. ஒட்டுச் சேர்த்த முதல் தலைமுறை ஒரே மாதிரி இருக்கும். இரண்டாம் தலைமுறையில்தான் ஆயிரக்கணக்கான செடிகள் ஆயிரம் விதமாகப் பிரியும். அங்கே பொறுக்குவதற்கு அர்த்தம் உண்டு. அங்கும் மணி வடிவம், உயரம், வயது போன்றவற்றைத்தான் தனிச்செடியில் பார்த்து முதலில் பொறுக்குவார்கள். விளைச்சலைத் தனிச்செடியில் பார்த்து நம்ப மாட்டார்கள். தலைமுறைகள் கடந்து வழி தூய்மையான பிறகு, பாத்தி பாத்தியாக, திரும்பத் திரும்ப, பல ஊர்களில் விதைத்துத்தான் அதை அளப்பார்கள். ஒரு ரகம் வெளிவரப் பத்தாண்டு ஆவது இதனால்தான்.

ஒற்றை ஜீன் பெரிய மாற்றம் செய்வதும் உண்டு. ஆடுதுறை 31இன் பெற்றோரில் ஒன்று, பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8. அதன் குட்டைத்தன்மை தைவான் நாட்டு நெல் ஒன்றில் இருந்து வந்த ஒரே ஜீன். தண்டை நீட்டுகிற ஜிப்ரெலின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் நொதிக்கான ஜீனில் ஏற்பட்ட பழுதுதான் அது என்று 2002இல் கண்டுபிடித்தார்கள். நெட்டை நெல்லுக்கு உரம் போட்டால் கதிர் கனத்துக் காற்றிலும் மழையிலும் சாய்ந்துவிடும். காற்றாலைகளுக்கு நடுவில் வாழ்கிற நமக்குக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. குட்டை நெல் சாயாமல் நின்று, போட்ட உரத்தை மணியாக்கியது. இருந்தும் அதை விளைச்சல் ஜீன் என்று சொல்லிவிட முடியாது. உரமும் நீரும் இல்லாத புன்செயில் அதே ஜீனால் பெரிய லாபம் இல்லை.

"அப்ப கடையில வாங்குத ஹைபிரிட் விதைய எடுத்து வச்சா என்ன சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். கலப்பின விதை என்பது முதல் தலைமுறை. அதில் வீரியம் கூடுதலாக இருக்கும், ஆனால் எடுத்து வைத்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் பிரிந்துவிடும். இதற்கு நம் அஞ்சறைப்பெட்டியில் இருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். தாளிக்கிற கடுகு வட இந்தியாவில் பெரிய எண்ணெய்ப் பயிர். அதிலும் விளைச்சல் ஒரு பெருக்கற்கணக்குதான்: செடிக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை விதை, விதை என்ன எடை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பெந்தல் குழுவினர் வருணா என்ற இந்திய ரகத்தையும் கிழக்கு ஐரோப்பிய வகையைச் சேர்ந்த இன்னொன்றையும் இணைத்து டி.எம்.எச். 11 என்ற கலப்பினத்தை உருவாக்கினார்கள். கடுகும் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வது. அதனால் ஒரு பெற்றோரின் மகரந்தத்தை மலடாக்க பாக்டீரியாவில் இருந்து ஜீன் எடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. மரபணு மாற்றுப் பயிர் என்பதால் அது உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரமாகிவிட்டது. தூரமான கிளைகளைச் சேர்த்தால் வீரியம் கூடுகிறது என்ற செய்தி மட்டும் நம் வகுப்புக்குப் போதும்.

வரப்போரத்துக் கதிர்

இவ்வளவையும் படித்துவிட்டு, அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு வகுப்பையே அழைத்துக்கொண்டு அந்தப் பையனின் வயலுக்குப் போனேன். "ஆளுக்கு ஒரு பெரிய கதிர் கொண்டுவாருங்கள்" என்றதும் பிள்ளைகள் வரப்போரமாகவே ஓடினார்கள். பெரிய கதிரெல்லாம் அங்கேதான் இருந்தது. பையனின் அப்பா சிரித்துவிட்டார்.

"வரப்போரத்துக் கதிர நம்பப்படாது சார். அதுக்கு ஒரு பக்கம் போட்டிக்கு ஆளே கெடையாது. வெயிலும் உரமும் அதுக்குத்தான்."

ஆராய்ச்சி வயலில் ஓர வரிசைகளை விட்டுவிட்டு நடு வரிசைகளைத்தான் அளப்பார்கள் என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். இவர் எந்தப் புத்தகமும் இல்லாமல் அதைச் சொன்னார். நான் வகுப்பில் சொன்ன பதிலை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தேன். விளைச்சல் ஏன் கூடவில்லை என்பதையும் நாணயக் கணக்கோடு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வெளச்சல் கூடணும்னா கதிர் எடுக்கேன்? கலப்பு ஏறாம இருக்கணும்னுலா எடுக்கேன்" என்றார்.

களத்தில், சாக்கில், நாற்றங்காலில் வேறு நெல் ஒன்றிரண்டு எப்படியும் கலந்துவிடும். வருஷக்கணக்கில் விட்டால் ரகமே மாறிப்போகும். நடு வயலில், தன் ரகத்தின் சாயல் மாறாத கதிராகப் பார்த்து எடுப்பது அதைத் தடுக்கத்தான். கூடவே, முட்டை மிதக்கிற அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் விதையைக் கொட்டி, மிதப்பதை வடித்துவிட்டு மூழ்கியதை மட்டும் கழுவி விதைக்கிறார். கனமான விதையில் நாற்றுத் திடமாக வரும். ஜீன் மாறாது, நாற்றுத் தேறும். அவர் செய்துவந்தது மொத்தமும் சரி. கேள்வி கேட்ட பையனும் அப்பா எதற்காகக் கதிர் எடுக்கிறார் என்று அவரிடம் கேட்டதில்லை, அவன் ஆசிரியரும் கேட்கவில்லை.

அன்று அவரிடம் இரண்டு கொத்துக் கதிர் கேட்டு வாங்கினேன். வரப்போரத்துப் பெரிய கதிர் ஒரு கொத்து, நடு வயலில் கிடைத்ததிலேயே சிறிய கதிர் ஒரு கொத்து. இந்தப் பிசானத்தில் அவர் வயலிலேயே இரண்டு பாத்தி ஒதுக்கித் தந்தார். இரண்டு கொத்திலும் உப்புத் தண்ணீரில் மூழ்கிய விதையை மட்டும் எடுத்து, ஒரே நாளில், ஒரே இடைவெளியில் நட்டோம். அளந்தது இந்த ஆண்டுப் பத்தாம் வகுப்பு. பையன் இப்போது வேறு பள்ளியில் பதினொன்று படிக்கிறான். சனிக்கிழமை அளவெடுப்புக்கு மட்டும் வந்துவிடுவான். ஓர வரிசையை விட்டு நடுவில் எண்ணினோம். தூரிலும் மணியிலும் இரண்டு பாத்திக்கும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் வரவில்லை.

சிறிய கதிர்ப் பாத்தியில் மட்டும் ஒரு செடி மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து, மணியில் மீசையோடு நின்றது. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று வரைந்துகொண்டிருக்கும்போதே, பையன் இறங்கிப்போய் அதை வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டான். "கலப்பு சார்" என்றான்.